மேஜருக்கு ஆறு மாத்திரை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அம்மிணி. இதை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் என் தலையிலேயே வந்து விடிகிறது. என் நாத்தனாரிடம் மாத்திரையிலிருந்து ஆரம்பித்தேன். "அப்ப நீ எடுத்தது நெசந்தானே" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் நாயிலிருந்து ஆரம்பித்தேன். நாய் செத்துப்போச்சா என்று மட்டும் கேட்டாள். சாகவில்லை என்றதும் அவளுக்குக் கதையில் ருசி போய்விட்டது, முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

நீங்களும் இந்தத் தர்மாஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறீர்கள் போல. கையில் அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்ததும்தான் பேச்சுக் கொடுக்கத் தோன்றியது. தைராய்டுதானே? ரத்தம் எடுக்கிற பொண்ணு டீ குடிக்கப் போயிருக்கிறாள், வர நேரமாகும். உங்களுக்கு எத்தனை பவர் எழுதியிருக்கிறார்கள்? ஐம்பதா. எனக்கு நூறு. காலையில் எழுந்ததும் ஒன்று, தண்ணீரோடு. அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது. ஒரே ஒரு மாத்திரை, அம்மிணி. மனுசிக்கு ஒன்று. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் நான் சொல்வதெல்லாம் திருட்டுக் கதை ஆகிவிடும்.

என் பேர் மயிலாத்தாள். வடவள்ளிப் பக்கம், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக வில்லா வீடுகள் கட்டியிருப்பார்களே, அதில் ஒரு வீட்டில் சமையலுக்கும் மேல்வேலைக்கும் இருந்தேன். கோகிலவாணி அம்மாவின் வீடு. பேங்க்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வீட்டுக்காரர் இல்லை. ஒரே பையன் சஞ்சீவ், கனடாவில். அந்தப் பையன் போகும்போது அம்மாவுக்குத் துணையாக இரண்டை விட்டுவிட்டுப் போனான். ஒன்று மேஜர் என்கிற நாய். இன்னொன்று சமையலறைக்கு மேலே, சுவரில், முட்டை மாதிரி ஒரு கேமரா. அதில் பார்க்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். நான் தோசை திருப்பிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சுவர் பேசும். "மயிலக்கா, மேஜர் சாப்ட்டானா?" முதல் தடவை கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. சுவருக்கு நானும் பதில் சொல்வேன்.

மேஜரை வளர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மா தடவிக் கொடுப்பார், அவ்வளவுதான். சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, உண்ணி பொறுக்குவது, வாந்தி எடுத்தால் அள்ளுவது எல்லாம் நான். அது எனக்குப் பின்னாலேயே திரியும். அதனால்தான் சொல்கிறேன், அதற்கு உடம்பு மாறுவதை முதலில் கண்டது நான். அம்மா இல்லை, கனடா இல்லை, டாக்டரும் இல்லை.

ஊதிக்கொண்டே போனது, அம்மிணி. சோறு அதிகமாகத் தின்னவுமில்லை. வால் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகிவிட்டது. சித்திரை வெயிலில் மனுசன் நிழல் தேடுகிறான், இது அடுப்புப் பக்கம் வந்து சுருண்டு படுக்கிறது. கூப்பிட்டால் தலையைத் தூக்கி, கடன் கேட்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி சோகமாக ஒரு பார்வை பார்க்கும். நானும் இப்படித்தானே இருந்தேன். முகம் வீங்கி, குளிர் தாங்காமல், சீப்பு நிறைய முடியோடு. "அம்மா, இதுக்கு என்னோட சீக்குங்க" என்று சொன்னேன். அம்மா சிரித்தார். "ஆமா, நீயும் அதுவும் ஒரே பாத்திரத்துல சாப்பிடறீங்களா" என்றார்.

அப்புறம் டாக்டரிடம் கொண்டு போனோம். பரணி என்று பேர், சின்ன வயசு. காலில் முடியை மழித்து ரத்தம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி, "தைராய்டுங்க" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"நாய்க்குமா தம்பி தைராய்டு வரும்?" என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா, அது நமக்கு மட்டும் எழுதிவச்ச சொத்தா? நாய்க்குக் கம்மியாச் சுரக்கும். பூனைக்கு நேர்மாறு, அதிகமாச் சுரந்து எலும்பும் தோலுமா ஆயிடும். இவனுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை குடுக்கணும். குடுத்தா நல்லா இருப்பான்."

மாத்திரை என்ன தெரியுமா? நம் மாத்திரைதான். அதே டப்பா, அதே நூறு. அதுவரைக்கும் எனக்குச் சந்தோசம்தான். எத்தனை என்று அம்மா கேட்டார்.

"காலைல ஆறு, சாயங்காலம் ஆறு."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "ஆறாங்க தம்பி?"

"நாய் உடம்பு இதை நிக்க விடாதுங்க்கா. வயித்துல கொஞ்சந்தான் இழுக்கும். இழுத்ததையும் சீக்கிரமாக் கழிச்சிரும். மனுசக் கணக்கை இதுல போடக்கூடாது. முப்பத்தஞ்சு கிலோ இருக்கான், ஆறு வேணும்."

நன்றாகத்தான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போனைப் பார்த்துக்கொண்டு சோற்றுக்கு உப்புப் போட்டாலே இரண்டு தடவை விழுந்துவிடுகிறது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாருக்குங்க்கா இது? நாய்க்கா? யானைக்கு எழுதினதை மாத்திக் குடுத்துட்டாரா?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் மருந்துக் கடையில் நிற்பவன் ஒன்றும் தெரியாமலா சொல்வான்?

எனக்கு ஒரு அனுபவம் உண்டு, அம்மிணி. மாத்திரை ஆரம்பித்த புதிதில், போட்டோமா இல்லையா என்று மறந்து கொஞ்ச நாள் இரண்டு இரண்டாகப் போட்டுவிட்டேன். நெஞ்சுக்குள்ளே உலக்கை போட்ட மாதிரி இடிக்கும். கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். இரண்டுக்கே அந்தப் பாடு. வாயில்லா ஜீவனுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்றால்?

அம்மாவிடம் நயமாகத்தான் சொன்னேன். "அம்மா, இது அதிகமாட்டம் தெரியுதுங்க. எனக்கே ஒன்னுதானுங்க."

அம்மா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "மயிலா, உனக்கு டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை இருந்தா எட்டாவதோட ஏன் நிறுத்தினே? போய் ஆறு குடு."

நானா நிறுத்தினேன்? எங்கப்பன் நிறுத்தினான். அதை விடுங்கள். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது, அந்த ஒரு பேச்சு மட்டும் உறைத்துவிட்டது. சரி, நான் படிக்காதவள். படிக்காதவளுக்கும் ஈவிரக்கம் உண்டல்லவா? ஒரு உருண்டை தயிர்ச்சோற்றுக்குள் ஒரு மாத்திரையை வைத்துக் கொடுத்தேன். மேஜர் விழுங்கிவிட்டு கையை நக்கியது. எனக்கு ஒன்று, அதற்கும் ஒன்று. நியாயமாக இருந்தது.

மிச்சம் ஐந்து? அங்கேதான் எல்லோரும் என்னைப் பிடிக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், என்ன செய்ய முடியும்? டப்பாவில் விட்டால் டப்பா குறையாது, அம்மா கேட்பார். குப்பையில் போட்டால் மருந்தைக் குப்பையில் போட்ட பாவம். அதனால் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். வீட்டில் என் டப்பாவும் அதேதானே, நூறு. அதில் போட்டு வைத்தேன். போட்டு வைத்ததிலிருந்து தினம் ஒன்று எடுத்துக்கொண்டேன். இந்த வரிசையில் நின்று அரை நாள் கூலியைத் தொலைக்க வேண்டியது மிச்சம். அதனால்தான் இத்தனை மாசமாக இந்தப் பெஞ்சில் என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்புறம் டப்பா நிறைந்தது. நாத்தனாருக்கும் இதே சீக்கு. அவளுக்கும் கொடுத்தேன். வாங்கி வாங்கி முழுங்கியவள்தான் இன்றைக்கு எடுத்தது நெசந்தானே என்று கேட்கிறாள்.

ஒன்றரை மாசம் கழித்து டாக்டரிடம் மறுபடி ரத்தம் பார்க்கப் போனோம். காலையில் மாத்திரை கொடுத்து நாலைந்து மணி நேரம் கழித்துக் கூட்டி வர வேண்டுமாம், அப்போதுதான் சரியாகத் தெரியுமாம். சரியாகக் கூட்டிப் போனோம். பரணித் தம்பி காகிதத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"ஒன்னுமே ஏறலையே. தவறாமக் குடுக்கறீங்களா?"

"ஒரு நாள் தவறலைங்க தம்பி" என்றேன். தவறவில்லைதானே.

"எதுல வச்சுக் குடுக்கறீங்க?"

"தயிர்ச்சோத்துலங்க."

"அதான. சோத்தோட, தயிரோடக் குடுத்தா மருந்து பிடிக்காதுங்க்கா. வெறும் வயித்துல குடுக்கணும்னு சொன்னேனே."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பக்கத்தில் ஒரு பொம்பளை பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் சொன்னார். "தான் மாத்திரை போட்டா ஒரு மணி நேரம் காப்பி குடிக்காம உக்காந்திருக்காளே, இவளுக்குத் தெரியாதா? தன் உடம்புன்னா தெரியும்." அந்தப் பொமரேனியன்கூட என்னைப் பார்த்துக் குரைத்தது. டாக்டர் எட்டாக எழுதினார். ஆறே தப்பு, அதை எட்டாக்கினார்.

நானும் பிடிவாதக்காரி இல்லை. டாக்டர் ஆறை எட்டாக்கினார், நான் ஒன்றை இரண்டாக்கினேன். தயிர்ச்சோற்றையும் நிறுத்திவிட்டேன். வாயைப் பிளந்து வெறுமனே தொண்டைக்குள் போட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தால் நான் கேட்பேன், அம்மிணி. எல்லோரும் கேட்பேன் என்பார்கள், நான் கேட்பேன்.

அப்புறம் எங்க ஊரில் மாரியம்மன் பண்டிகை வந்தது. பூச்சாட்டுக்குப் போனவள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு மாசம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாசமும் அம்மாவே மாத்திரை கொடுத்திருக்கிறார். எட்டு எட்டாக. எண்ணி, வாயில் போட்டு, தண்ணீர் காட்டி.

திரும்பி வந்து கேட்டைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து ஒரு பாய்ச்சல். வேற ஏதோ நாய் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். வாயில் பந்து. என் மேல் இரண்டு காலையும் போட்டு, சேலையெல்லாம் எச்சில். வாலில் பூனை முடி மாதிரி புது முடி. இடுப்பு தெரிகிறது. திண்டு மாதிரி கிடந்தது, இப்படித் துள்ளுகிறதே என்று எனக்குப் பதறிவிட்டது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். தடதடதடவென்று அடிக்கிறது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது.

"அம்மா, இதுக்கு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. மருந்து மிஞ்சிப்போச்சு."

"கேட்டுல இருந்து ஓடி வந்தா அடிச்சுக்காதா? உன்னையப் பாத்த சந்தோசம்டி அது" என்றார் அம்மா. சிரித்தார். அன்றைக்கு அவருக்கும் என் மேல் கோபமில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் அந்த வீடு நல்ல வீடாக இருந்தது.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த இடி எனக்குத் தெரியும். இன்றைக்குத் துள்ளும், நாளைக்குச் சுருண்டு விழும். அதை எப்படியாவது அடக்க வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து மாத்திரைப் பொறுப்பு என் கைக்கு வந்தது. உடம்பிலிருந்து எல்லாம் இறங்கட்டும் என்று ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கொடுக்கிற மாதிரி வாயைப் பிளந்து விரலை விட்டு, மாத்திரையோடு கையை எடுத்துவிடுவேன். அதுவும் விழுங்குகிற மாதிரியே விழுங்கும், பாவம், பழக்கம்.

அடங்கியது, அம்மிணி. கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தை விட்டது. கேட்டுக்கு ஓடுவதை விட்டது. மறுபடி அடுப்புப் பக்கம் வந்து படுத்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பழைய மேஜர் வந்துவிட்டது, காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். கேமராவைப் பார்த்து, "தம்பி, பாருங்க, இப்ப சமத்தா இருக்குது" என்றுகூடச் சொன்னேன்.

சஞ்சீவ் தம்பி சுவரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தான். "மேஜர். மேஜர். பந்து எங்கடா?" அது ஒரு காதை மட்டும் அசைத்தது. நான் போய்விட்டான் என்று நினைத்து சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்தினால், ஹாலில் அம்மாவோடு போனில் பேசுகிறான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"மயிலக்கா ஊருக்குப் போயிருந்தப்ப நல்லாத்தானம்மா இருந்தான்."

"ஆமாண்டா" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அப்போது துள்ளியது மருந்து மிஞ்சித்தான் என்று அவர்களுக்கும் புரிந்துவிட்டது போல, இனிமேல் குறைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பார்த்தீர்களா என் புத்தியை.

மறுநாள் காலையில் எட்டு மாத்திரையை டப்பாவிலிருந்து கொட்டினேன். மேஜரின் வாயைத் தொட்டேன், எடுத்தேன். எட்டையும் முந்தானையில் முடிகிறேன். தலைக்கு மேலே சுவர் பேசுகிறது.

"மயிலக்கா, முந்தானைல என்ன முடியறீங்க?"

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான், சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி. நான் சுவரைப் பார்த்து நின்றேன். மனுசனாக இருந்தால் காலைப் பிடிக்கலாம். சுவரின் எதைப் பிடிப்பது?

அம்மா வந்து முந்தானையை அவிழ்த்தார். மாத்திரை தரையில் உருண்டது. மேஜர் எழுந்து வந்து ஒன்றை மோந்துவிட்டு நக்கித் தின்றது.

"எத்தனை நாளா மயிலா?"

"அதிகம்னு நெனச்சேனுங்க அம்மா. செத்துப்போயிரும்னு."

"நீ நெனச்சே."

"காப்பாத்தத்தானுங்க அம்மா. மேஜர் மேல சத்தியமா."

"காப்பாத்தறவ எதுக்கு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனே?"

அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா? வந்தால் சொல்லுங்கள், அம்மிணி, மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

போலீசுக்கெல்லாம் போகவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது, அந்த வில்லாக்காரர்களின் வாட்ஸப் குரூப். நான் முந்தானை முடிகிற வீடியோவைச் சஞ்சீவ் தம்பி போட்டுவிட்டான். அன்றைக்கு மத்தியானமே காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதே வரிசையில் கடைசி வீட்டில், மயிலா எப்போ எங்க வீட்டுக்கு வருவே என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த சுசீலாம்மா கேட்டுக்குள்ளேயே விடவில்லை. நாய் மாத்திரை தின்னி என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். வாட்ச்மேன் பொன்னுச்சாமி, எத்தனை நாள் என் கையால் காப்பி வாங்கிக் குடித்தவன், "என்ன மயிலக்கா, போஸ்ட் கம்பத்தைப் பாத்தா காலைத் தூக்கத் தோணுதா?" என்று கேட்டான்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். அது மனுச மாத்திரைதானே? நாம் தின்கிற மாத்திரையைத்தானே அந்த நாய் தின்றது? நான் எங்கே நாய் மாத்திரையைத் தின்றேன்? இதை அந்தக் காம்பவுண்டில் ஒருத்தராவது யோசித்துப் பார்த்தார்களா? எல்லோரும் படித்தவர்கள்.

அதற்கப்புறம் வடவள்ளி, வீரகேரளம், மருதமலை ரோடு, எங்கே வேலை கேட்டுப் போனாலும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். போனை எடுத்துப் பார்க்கிறார்கள். "ஆள் கெடைச்சிருச்சும்மா" என்கிறார்கள். எனக்கு வேற என்ன தெரியும், சமையலை விட்டால்? வாடகை கேட்டு வீட்டு ஓனர் வாசலில் நிற்கிறார். மாத்திரையும் தீர்ந்து மறுபடி முகம் வீங்கிவிட்டது. அதனால்தான் இந்தப் பெஞ்சு.

மேஜரை ஒரு நாள் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், அம்மா அதை நடத்திக்கொண்டு வருகிறார். இல்லை, அது அம்மாவை இழுத்துக்கொண்டு வருகிறது. பளபளவென்று இருக்கிறது. வாலில் முடி நிறைந்துவிட்டது. ஓடட்டும், எத்தனை நாளைக்கு ஓடும் என்று நானும் பார்க்கிறேன். எட்டு மாத்திரைத் துள்ளல் அது, உடம்பின் துள்ளல் இல்லை. நான் சொல்வது சாபம் இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது என்னை மோப்பம் பிடித்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி இழுக்கிறது. அம்மா சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாரைப் பார்த்து இழுக்கிறது என்று தேடுகிறார். நான் போய்க் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

போன மாசம்தான் சிங்காநல்லூரில் ஒரு வீடு கிடைத்தது. ஊருக்கு அந்தக் கோடி, அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. வாத்தியாரும் அவர் சம்சாரமும். உள்ளே நுழைந்ததும் பார்த்தால் அங்கேயும் ஒரு நாய். சின்னதுதான், வெள்ளை. வாலை ஆட்டிக்கொண்டு நேராக என் காலுக்கு வந்தது. குனிந்து தடவக் கை போய்விட்டது, அம்மிணி. பாதி வழியில் பிடித்து நிறுத்திக்கொண்டேன். ஓர் எட்டு பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"நாய்னா பயமாங்க?" என்று அந்தம்மா கேட்டார்.

"உசுரே போயிருமுங்க" என்றேன். "சின்ன வயசுல கடிச்சிருச்சுங்க. கிட்ட வந்தாலே மயக்கம் வந்துருமுங்க."

வாத்தியார் மேசை மேல் மாத்திரை அட்டை கிடந்தது. அதில் எது காலையில் போடுவது என்று எடுத்துத் தரச் சொன்னார். எழுத்துத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். நல்லதாகப் போயிற்று, அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது நான் போகிற நேரத்துக்கு அந்த நாயைப் பின்பக்கம் பாத்ரூம் பைப்பில் கட்டிவிடுகிறார்கள். நான் வேலை முடித்துக் கிளம்புகிறவரைக்கும் கத்திக்கொண்டே இருக்கிறது. அந்தம்மாவுக்குத் தாங்கவில்லை. "அவிழ்த்து விட்டுரட்டுமா மயிலாத்தா? ஒன்னும் பண்ணாது, பழகிரும்" என்று நேற்றுக் கேட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் சங்கிலியைச் சுருக்கிக் கட்டுங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.